தலைக்கட்டு, குடும்ப அட்டை, சட்டம்

பழவேற்காடு ஏரியில் இறால் எங்கே நிறைய விழும் என்பது கரையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். கடலில் பொரிந்த குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து உப்பங்கழியில் வளர்கிறது. வளர்ந்த பிறகு, நீர் வடியும்போது அதே வழியாகக் கடலுக்குத் திரும்பப் பார்க்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி வலை வைத்தவருக்குக் கூடை நிறையும். தள்ளி வைத்தவருக்குக் குறையும். இந்த நீருக்காக அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக பட்டினவர் என்ற மீனவச் சாதியின் இங்குள்ள ஊர்கள் தாங்களே ஓர் ஒழுங்கை வகுத்திருக்கின்றன. அதுதான் பாடு. சீட்டுக் குலுக்கி, எந்தச் செட்டு எந்த முறையில் எந்த இடத்தில் சுத்து வலை வைக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். இன்று நல்ல இடம் வாய்த்தவர் அடுத்த முறையில் அதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். எந்த அரசுத் துறையும் எழுதித் தராத விதி இது. 1991இல் செபாஸ்டியன் மேத்யூ ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக இதை ஆராய்ந்து எழுதினார். அதன் பிறகு பொதுவளங்களைப் பற்றி எழுதும் அறிஞர்கள் பலர் பழவேற்காட்டை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பாராட்டுக்கு உரிய ஏற்பாடு என்பதில் எனக்கும் ஐயமில்லை.

ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் ஏறும்? ஊரில் பிறந்தால் மட்டும் போதாது. பட்டினவராக இருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும், கல்யாணம் முடித்துத் தனித் தலைக்கட்டாக ஊர் வரி கட்டுகிறவராக இருக்க வேண்டும். சோழமண்டலக் கரை நெடுகிலும் மீனவ ஊர் என்பது பெரும்பாலும் இந்தத் தலைக்கட்டுகளின் கூட்டுதான். திருவிழா வரி, பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை, வெளியிலிருந்து வரும் உதவியில் பங்கு என்று பலவும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. கல்யாணமாகாத இளைஞன் அப்பாவின் கணக்கில் அடங்கிவிடுகிறான். பெண் எந்தக் காலத்திலும் யாரோ ஒருவரின் கணக்கில்தான். ஏரியில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் பாடும் இல்லை, சீட்டும் இல்லை.

தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி என்று பால்புதுமையர் அனைவரின் சட்ட உரிமையைப் பற்றி எழுத வந்துவிட்டு இறால் பாட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. சமத்துவம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது டெல்லி உச்ச நீதிமன்றப் படிக்கட்டும் சென்னை வானவில் பேரணியும்தான். கரையில் கேள்வி வேறு மாதிரி எழுகிறது. ஆணாகப் பதிவாகி வளர்ந்த பிள்ளை திருநங்கையாகத் தன்னை உணர்ந்து வெளிப்படும் நாளில், நீரில் அவருக்கு வரவேண்டிய பங்கு போய்விடுகிறது. பெண்ணாகப் பதிவான திருநம்பிக்கு அந்தப் பங்கு முதலிலிருந்தே இல்லை. ஆண்மீது ஈர்ப்புள்ள ஆணுக்கு முன்னால் இரண்டே வழிகள் இருக்கின்றன. ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தலைக்கட்டாகலாம். இல்லையென்றால் காலம் முழுக்க அண்ணன் படகில் கூலிப் பங்குக்குப் போகலாம். சேர்ந்து வாழ விரும்பும் இரண்டு பெண்களை எந்தக் கணக்கிலும் எழுத இடமில்லை. கல்யாணம் பண்ணிக்கொள் என்று வீட்டார் நெருக்குவதைப் பழமைவாதம் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்ததாகும். அந்த நெருக்குதலுக்குப் பின்னால் ஒரு வாழ்வாதாரக் கணக்கு நிற்கிறது. அந்தப் பெற்றோரின் அச்சம் பொய்யான அச்சம் அல்ல.

அரசின் கணக்கும் வெகு தூரத்தில் இல்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு ஈடாகத் தமிழ்நாடு அரசு கடல் மீனவக் குடும்பம் ஒன்றுக்கு 8,000 ரூபாய் தருகிறது. 2023இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்த உயர்வு அது. குடும்பம் ஒன்றுக்கு என்ற சொற்களை அழுத்திப் படிக்க வேண்டும். படகு கவிழ்ந்து ஒருவர் இறந்தால் வரும் இழப்பீட்டை வாங்க வட்டாட்சியர் கையெழுத்திட்ட வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த விண்ணப்பம் கேட்பது தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களைத்தான். பத்தாண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட துணையின் பெயரை எழுத அதில் கட்டம் கிடையாது.

கட்டம் இல்லாமல் போவதால் என்ன நேரும் என்பதை இந்தக் கரை ஒருமுறை பார்த்துவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் அரவாணிகள் என்று அன்று அழைக்கப்பட்டவர்களுக்கு நேர்ந்ததைச் சாமன் பிஞ்சாவும் ஹரி கிருஷ்ணாவும் 2008இல் எழுதிய கட்டுரை பதிவு செய்திருக்கிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு மட்டுமே இருந்தன. குடும்ப அட்டை இல்லாத அரவாணிகளுக்கு நிவாரணம் எட்டவில்லை. முகாம்களில் அவர்களுக்குப் பாதுகாப்பான இடமும் இல்லை. கடல் எல்லாரையும் ஒன்றாகத்தான் அடித்தது. நிவாரணப் பட்டியல்தான் ஆள் பார்த்தது. வேண்டுமென்றே விரட்டிய அதிகாரி என்று யாரையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. படிவமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

அந்தப் புறக்கணிப்புக்குப் பின் நான்காண்டுக்குள் தமிழ்நாடு செய்த ஒன்றைப் பெருமையோடு சொல்லலாம். 2008 ஏப்ரல் 15 அன்று இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நல வாரியம் இங்கே அமைக்கப்பட்டது. குடும்ப அட்டை, வீட்டு மனை, அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாத பால் உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை ஆகியவை அதன் வழியாக வந்தன. ஆறாண்டு கழித்து, 2014இல் அதே ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. தன் பாலினம் எது என்று முடிவு செய்யும் உரிமை அந்தந்த மனிதருக்கே உரியது என்றது. இன்று தமிழகத்தில் திருநங்கையர் தினம் அந்தத் தேதியில்தான். மீனவ ஊர்களில் படகுகள் கரையேறித் தடைக்காலம் தொடங்குவதும் அதே நாளில்.

வாரியம் பிறந்தது அரசாணையால். நல்லெண்ணம் உள்ள அரசு ஓர் ஆணையால் கொடுத்ததை, வேறோர் அரசு இன்னோர் ஆணையால் நிறுத்திவிடலாம். நிதி ஒதுக்காமல் விட்டாலே போதும், தானாகக் காய்ந்துவிடும். உரிமை என்று ஒருவர் நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டுமானால் சட்டம் வேண்டும். இதை முதலில் கையில் எடுத்தவரும் ஒரு தமிழர்தான்.

மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று அவையில் ஒருமனதாக நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்றை மாநிலங்களவை நிறைவேற்றுவது 36 ஆண்டுகளில் அதுவே முதல்முறை. அரசே செய்து தருகிறோம், திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் கேட்டும் சிவா இணங்கவில்லை. கல்வியிலும் வேலையிலும் இரண்டு விழுக்காடு இட ஒதுக்கீடு, தேசிய அளவிலும் மாநில அளவிலும் ஆணையங்கள், தனி நீதிமன்றங்கள் எல்லாம் அந்த மசோதாவில் இருந்தன. மக்களவையில் அது சட்டமாகவில்லை. அதற்குப் பதிலாக அரசு 2016இல் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. அது 2018இல் மக்களவையில் நிறைவேறி, அவை கலைந்ததும் காலாவதியானது. 2019இல் மறுபடி வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 26 அன்று, தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று சிவா கொண்டுவந்த தீர்மானம் 55க்கு 74 என்ற வாக்கில் தோற்றது. மசோதா அன்றே நிறைவேறியது. இட ஒதுக்கீடும் இல்லை, தனி நீதிமன்றமும் இல்லை. மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற விதி மட்டும் உறுதியாக இருந்தது.

அந்தச் சட்டம் நிறைவேறிய வடிவில் அதை மீனவ ஊரின் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். அதன் 18ஆம் பிரிவு, திருநர் ஒருவரை வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ வெளியேறச் செய்வதைக் குற்றம் என்கிறது. வீடு, கிராமம் என்ற சொற்கள் சட்டத்தில் அப்படியே இருக்கின்றன. ஊர் விலக்கம் என்ற ஆயுதத்தை இன்றும் கையில் வைத்திருக்கும் கடற்கரைக்கு இது சிறிய விஷயமல்ல. தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. ஆனால் அதே பிரிவில், அதே அளவு தண்டனைக்குள், பாலியல் வன்கொடுமையும் அடங்கிவிடுகிறது. பெண்ணை வன்புணர்ந்தவனுக்குக் குறைந்தது பத்தாண்டு. திருநங்கையை வன்புணர்ந்தவனுக்கு இந்தச் சட்டத்தின்படி அதிகபட்சமே இரண்டாண்டு. சமத்துவத்துக்கு என்று இயற்றிய சட்டமே உடலுக்கு உடல் விலை வேறு என்று எழுதி வைத்திருப்பதை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

மூன்றாம் பிரிவு பாகுபாட்டைத் தடை செய்கிறது. கல்வி, வேலை, மருத்துவம், குடியிருப்பு, பொதுமக்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வசதிகள் என்று பட்டியல் நீள்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று தேடினால் கிடைக்காது. ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் திருநங்கை ஒருவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தால் அவர் எங்கே போவது? உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். மீன் கூடை சுமந்து பிழைக்கிறவர் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மாதம் சாப்பிட்டுவிடலாம்.

இவை இரண்டையும்விட ஆழமான பிழை வரையறைப் பிரிவில் இருக்கிறது. குடும்பம் என்றால் இரத்த உறவாலோ திருமணத்தாலோ சட்டப்படியான தத்தெடுப்பாலோ இணைந்தவர்கள் என்று அது வரையறுக்கிறது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கையைச் சேர்த்துக்கொண்டு, சோறு போட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் பார்த்துக்கொண்ட மூத்த திருநங்கை அவருக்குத் தாய். அந்தத் தாய்க்கும் மகளுக்கும் இந்தச் சட்டத்தில் உறவு இல்லை. பெற்ற குடும்பம் பார்த்துக்கொள்ளாவிட்டால் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. பெற்ற வீடு, அது இல்லையென்றால் அரசு விடுதி. நடுவில் அந்த மனிதர்கள் தாங்களே கட்டி எழுப்பிய வீட்டைச் சட்டம் பார்க்கவே இல்லை. ஊரின் தலைக்கட்டும் நாடாளுமன்றத்தின் குடும்பமும் ஒரே மனிதர்களை விட்டுவிடுகின்றன. இதைத்தான் இந்தக் கட்டுரையின் மையமாக வைக்கிறேன். இந்தியாவில் பால்புதுமையரின் சமத்துவம் சிக்கி நிற்பது குடும்பம் என்பதற்குச் சட்டம் எழுதும் வரையறையில்தான்.

நாடாளுமன்றம் தயங்கிய இடத்தில் நீதிமன்றங்கள் முன்னே போயின. தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை நீக்கச் சசி தரூர் 2015 டிசம்பரில் தனிநபர் மசோதா கொண்டுவந்தபோது, அதை அறிமுகம் செய்யவே மக்களவை அனுமதி தரவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம்தான் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. தமிழகத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பங்கு தனியாகச் சொல்லத்தக்கது. தூத்துக்குடியில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்யப் பதிவாளர் மறுத்தார். 2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். ஊடுபால் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே அறுவை சிகிச்சை செய்து பாலினத்தை முடிவு செய்வதைத் தடுக்கவும் அதே தீர்ப்பு வழி செய்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு அடைக்கலம் தேடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த வாழ்க்கையைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று செய்யும் சிகிச்சைகள் தடை செய்யப்பட்டன. அதைத் தொடர்ந்து 2022இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டு, பால்புதுமையரையும் அவர்களுக்காகப் பணியாற்றுவோரையும் துன்புறுத்துவது ஒழுங்கு மீறலானது. ஊரை விட்டு ஓடிவந்த பிள்ளைகளைக் காணவில்லை என்று புகார் கொடுத்துக் காவலரை அனுப்பும் வழக்கம் எவ்வளவு பரவலானது என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு விதியின் மதிப்பு விளங்கும்.

2023 நவம்பரில் அதே நீதிபதி இன்னொரு யோசனையை அரசின் முன் வைத்தார். திருமணம் என்ற பெயர் இல்லாமலே, சேர்ந்து வாழும் இருவர் குடும்ப இணைவுப் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழி செய்யலாம் என்றார். 2025 மே மாதம், பெற்றோர் அடைத்து வைத்திருந்த ஓர் இளம் பெண்ணை விடுவித்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தை ஏற்றது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றது.

ஆனால் தீர்ப்பு, வழக்குப் போட்டவர் வீட்டு வாசலில் நின்றுவிடும் இயல்புடையது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், தன்பால் இணையரின் திருமணத்துக்கு அடிப்படை உரிமை இல்லை, அது சட்டமன்றங்களின் வேலை என்று கைவிரித்தனர். வழக்கின் போது மத்திய அரசு, அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைத்துச் சலுகைகளைப் பரிசீலிப்பதாக உறுதி தந்திருந்தது. அந்தக் குழு 2024இல் அமைந்தது. அதன் விளைவாக வந்த சுற்றறிக்கைகளில் ஒன்றைப் பழவேற்காட்டு மீனவர் சங்கங்கள் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். சேர்ந்து வாழும் பால்புதுமை இணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம், பாகுபாடு காட்டக் கூடாது என்று உணவு, பொது விநியோகத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், துணையை நியமனதாரராகக் காட்டவும் தடை ஏதும் இல்லை என்று நிதிச் சேவைகள் துறை தெளிவுபடுத்தியது. தடைக்கால நிவாரணம் முதல் வெள்ள நிவாரணம் வரை குடும்ப அட்டையைச் சுற்றியே சுழலும் ஓர் ஊரில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பைவிட இந்தக் கடிதம் ஒரு வீட்டுக்குள் அதிக தூரம் போகக் கூடியது. ஆனாலும் கடிதம் கடிதம்தான். நியாயவிலைக் கடைக்கு மேலுள்ள அலுவலர் அதைக் கேள்விப்படவில்லை என்று சொல்லிவிட்டால், மீறப்பட்ட சட்டப் பிரிவு எது என்று காட்ட இயலாது.

தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு வரையறையை மாற்றிக் காட்டியிருக்கிறது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் ஆணையில், மாதம் 1,000 ரூபாய் பெறும் குடும்பத் தலைவிகளில் கைம்பெண்களும் திருமணமாகாத தனித்த பெண்களும் திருநங்கையரும் சேர்க்கப்பட்டார்கள். இதை நான் மிக முக்கியமான வரியாகக் கருதுகிறேன். கல்யாணம் ஆகாமலே ஒருவர் குடும்பத்தின் தலைவராக இருக்க முடியும் என்று அரசின் கஜானா ஒப்புக்கொண்டிருக்கிறது. ஊர்க் கணக்கில் தலைக்கட்டு ஆக முடியாதவர் அரசுக் கணக்கில் குடும்பத் தலைவி ஆகிவிட்டார். இந்த வரியை ஒரு திட்டத்தின் ஆணையிலிருந்து எடுத்து, எல்லாத் துறைகளையும் கட்டுப்படுத்தும் சட்டத்தில் வைப்பதுதான் அடுத்து நடக்க வேண்டியது.

மாநிலத்தால் அது முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் சொந்த வரலாறே பதில் சொல்லும். சுயமரியாதைத் திருமணங்கள் இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட ஆயிரக்கணக்கான இணையர் ஒரே நாளில் சட்டத்தின் முன் மணமாகாதவர்களானார்கள். பிள்ளைகளின் வாரிசுரிமை தொங்கலில் நின்றது. நீதிமன்றம் மறுத்ததைச் சட்டமன்றம் கொடுத்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. முன்னர் நடந்த திருமணங்களும் அதன்கீழ் செல்லுபடியாயின. மீண்டும் 1989இல், கருணாநிதி ஆட்சியில், குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தரும் திருத்தம் வந்தது. மத்திய அரசு அந்த இடத்துக்கு வந்து சேர 2005 ஆயிற்று. திருமணமும் வாரிசுரிமையும் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் இவற்றில் சட்டம் இயற்றலாம். அன்று சுயமரியாதை இணையர் நின்ற இடத்தில்தான் இன்று பால்புதுமை இணையர் நிற்கிறார்கள். நீதிமன்றம் மறுத்துவிட்டது, வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது, சட்டம் பின்னால் நிற்கிறது.

ஆயினும் இந்துச் சட்டத்தை மட்டும் திருத்தினால் பழவேற்காட்டில் அது பாதி ஊருக்குத்தான் பொருந்தும். பட்டினவர் குப்பங்களுக்குப் பக்கத்திலேயே கத்தோலிக்க மீனவர்கள் வாழும் நடுவூர் மாதா குப்பம் இருக்கிறது. முஸ்லிம்கள் வாழும் ஜமீலாபாத் இருக்கிறது. தூத்துக்குடித் தீர்ப்பு இந்து மணமகளைப் பற்றிப் பேசியது. மாதா கோயிலில் மணம் முடிக்க விரும்பும் திருநங்கைக்கு 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் அதே விளக்கம் தானாகக் கிடைத்துவிடாது. ஏரியின் பெரும் பரப்போ ஆந்திரத்தில் கிடக்கிறது. தமிழகச் சட்டம் தண்ணீரின் நடுவே முடிந்துவிடும். ஆகவே மதம் பார்க்காத ஒரு பதிவு முறைதான் இங்கே பயன்படும். குடும்ப இணைவுப் பத்திரம் என்ற யோசனைக்கு நான் இவ்வளவு எடை கொடுப்பது அதனால்தான்.

அண்டை நாடுகள் இந்த வழியில் எப்படிப் போயின என்பதும் கவனிக்க வேண்டியது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இன்னும் தன்பாலுறவைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அதை நீக்கப் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. நீதிமன்றம் கதவைத் திறந்து வைத்தும் நாடாளுமன்றம் உள்ளே போகவில்லை. நேபாளத்தில் நீதிமன்ற இடைக்கால உத்தரவின் பேரில் 2023 நவம்பரில் பால்புதுமை இணையர் திருமணத்தின் முதல் பதிவு நடந்தது. தாய்லாந்து வேறு மாதிரி. அங்கே நாடாளுமன்றமே சிவில் சட்டத் தொகுப்பில் கணவன், மனைவி என்று இருந்த இடங்களை வாழ்க்கைத் துணை என்று மாற்றியது. சட்டம் 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்ததும், வாரிசுரிமையும் தத்தெடுப்பும் மருத்துவ ஒப்புதலும் தனித்தனி வழக்கு இல்லாமல் ஒரே மூச்சில் கிடைத்துவிட்டன. சட்டத்தின் வலிமை அங்கே இருக்கிறது.

தமிழக அரசு 2025 ஜூலை 31 அன்று திருநர் கொள்கையை வெளியிட்டது. வரவேற்க வேண்டிய ஆவணம். ஆனால் தன்பாலீர்ப்பு ஆண்களும் பெண்களும் அதில் இல்லை. திருநருக்கு ஓரளவு அனுதாபம் திரட்டுவது நம் அரசியலில் எளிது; கூத்தாண்டவர் கோயில் மரபும் வாரியத்தின் வரலாறும் அதற்குத் துணை நிற்கின்றன. சேர்ந்து வாழும் இரண்டு பெண்களுக்கு அப்படி ஒரு திருவிழாவும் இல்லை, வாக்கு வங்கியும் இல்லை. ஓட்டுக் கணக்கில் சிறுத்தவர்களுக்குத்தான் சட்டத்தின் காவல் மிகுதியாக வேண்டும்.

ஊர்க் கட்டுப்பாட்டுக்குள் அரசை நுழைய விடலாமா என்ற எதிர்வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். காட்டுப்பள்ளித் துறைமுகம், எண்ணூர் அனல் மின் நிலையங்கள், மணல் மூடும் முகத்துவாரம் என்று எல்லாப் பக்கமும் நெருக்கப்படும் கரை இது. பெரும் முதலாளி வந்து ஏரியை வளைத்துக்கொள்ளாமல் தடுக்கும் வேலிகளில் பாடும் ஒன்று. சமத்துவத்தின் பெயரால் அதை உடைத்தால், முதலில் உள்ளே வருவது திருநங்கையாக இருக்காது, குத்தகைதாரராக இருப்பார். பாடு நிலைக்க வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். அதே சமயம் பாடு தொட முடியாத தெய்வ வாக்கும் அல்ல. பட்டினவர் அல்லாத மீனவர்கள் நீரில் தங்கள் பங்கைக் கேட்டு நீண்ட காலமாகப் போராடி வருகிறார்கள். அந்த அழுத்தத்தில் ஏரியின் வழக்கங்கள் வளைந்தும் கொடுத்திருக்கின்றன. சாதியின் பெயரால் வைத்த கதவை அசைக்கலாம் என்றால், கல்யாணத்தின் பெயரால் வைத்த கதவையும் அசைக்கலாம்.

எந்த வரிசையில் அசைப்பது என்பதில்தான் பக்குவம் இருக்கிறது. ஊர்ச் சீட்டில் கை வைப்பதற்கு முன், அரசு தன் சொந்தச் சீட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும். தடைக்கால நிவாரணம், விபத்து இழப்பீடு, மீனவர் நல வாரியப் பயன்கள் ஆகியவற்றில் குடும்பத்துக்கு ஒரே வரையறை வேண்டும். தனித்து வாழ்பவரும், இணைந்து வாழும் இருவரும், திருநங்கைத் தாயும் மகளும் அதில் அடங்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் மீனவர் சமூகப் பாதுகாப்பு நலச் சட்டம் தமிழகச் சட்டமன்றம் இயற்றியதுதான். அதைத் திருத்துவது அதே மன்றத்தின் கையில் இருக்கிறது. ஊர் விலக்கத்தைக் குற்றமாக்கும் 18ஆம் பிரிவின் பாதுகாப்பை மாநிலச் சட்டம் ஒன்றின் வழியே தன்பாலீர்ப்பாளருக்கும் விரிக்கலாம். மூன்றாம் பிரிவில் பல்லில்லாமல் நிற்கும் பாகுபாட்டுத் தடைக்கு, மாவட்ட அளவில் கட்டணமில்லாமல் முறையிட ஓர் அதிகாரியை நியமிக்கலாம். திருவள்ளூர் வரை பேருந்தில் போய் மனு கொடுத்துவிட்டு வருவது கூடை சுமப்பவரால் முடியும். நிலத்தில் வாரிசுரிமையைப் பொறுத்தவரை, 2020இல் உத்தரப் பிரதேசம் தன் வருவாய்ச் சட்டத்தைத் திருத்தித் திருநருக்கு விவசாய நிலத்தில் பங்கு கொடுத்துவிட்டது. தமிழ்நாடு அதற்குப் பின்தங்கி நிற்க எந்த நியாயமும் இல்லை.

இவற்றில் வாரிசுரிமை, இணைவுப் பத்திரம் போன்றவற்றுக்குக் குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க நேரலாம். காத்திருப்பு நீளவும் கூடும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கதை அப்படியல்ல. மீன்வளமும் கூட்டுறவும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. பதினெட்டு வயது நிறைந்து, ஊரில் வாழ்ந்து, மீன்பிடியிலோ மீன் விற்பனையிலோ உழைக்கும் எவரும், எந்தப் பாலினத்தவரும், மணமானாலும் ஆகாவிட்டாலும் உறுப்பினராகலாம் என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால், வலைக் கடனும் சேமிப்பு நிவாரணமும் அவர் பெயரிலேயே வரும். அதற்கு டெல்லியின் ஒப்புதல் தேவையில்லை.